மண்டையைத் திறக்கும் முன் ஒரு ஒத்திகை

(திரையில்: உள்ளங்கையில் ஒரு பிளாஸ்டிக் ரத்தக்குழாய்)

கிளை பிரியும் இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு தெரிகிறதா? அதுதான் அனியூரிசம். மூளை ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் வலுவிழந்து பலூன் போல ஊதிக்கொள்வது. வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் பரவும், உயிருக்கே ஆபத்து.

இதைச் சரிசெய்ய ஒரு வழி, மண்டை ஓட்டில் சின்னதாக ஜன்னல் திறந்து, புடைப்பின் கழுத்தில் டைட்டானியம் கிளிப் மாட்டுவது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளிப்பில் நேரானது, வளைந்தது, நடுவே துளை உள்ளது என்று ஏகப்பட்ட ரகம். பொருந்தாததை மாட்டினால் பக்கத்துக் கிளையும் சேர்ந்து நசுங்கும், பக்கவாதம்கூட வரலாம். போதாக்குறைக்கு, அந்த ஜன்னல் வழியே புடைப்பின் ஒரு பக்கம்தான் தெரியும்.

அந்த நோயாளியின் ரத்தக்குழாயையே 3டி பிரிண்டரில் அச்சிட்ட இப்படி ஒரு மாடல் கையில் இருந்தால்? திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிடலாம்!

(திரையில்: சி.டி. ஸ்கேன் படங்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன)

சரி, எப்படிச் செய்கிறார்கள்? ரத்தத்தில் சாயமருந்து செலுத்தி, ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுக்கிறார்கள். கிடைப்பவை தட்டையான படங்கள். எது குழாய், எது எலும்பு என்று கணினியில் எல்லை பிரிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பிரிண்டரைவிட இந்த வேலைதான் முக்கியம். எல்லையைத் தாராளமாக வைத்தால் கழுத்து இருப்பதைவிட அகலமாகிவிடும். கறாராக வைத்தால் மெல்லிய கிளைகள் காணாமல் போகும். மென்பொருள் உதவும்தான், ஆனால் பழகிய ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் பிரிண்டர். மண்டை ஓட்டுக்குக் கடினமான பிளாஸ்டிக், குழாய்க்கு ரப்பர் போன்ற பொருள். அடுக்கின் மேல் அடுக்காக, நிஜ அளவிலேயே உருவாகும்.

(திரையில்: நுண்ணோக்கியின் கீழ் மாடல்)

நோயாளியின் தலையை எப்படிச் சாய்த்து வைப்பார்களோ, அதே சாய்வில் மாடலை வைத்து, மருத்துவர் கிளிப்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கிறார். இது இடிக்கிறது, அடுத்தது. இது வழுக்குகிறது, அடுத்தது.

மாடலில் எல்லாம் வந்துவிடாது. முடி போன்ற நுண்குழாய்கள் ஸ்கேனிலேயே சரியாகத் தெரிவதில்லை. புடைப்புக்குள் ரத்தம் உறைந்திருந்தால், சாயம் போகாத அந்தப் பகுதி அச்சில் விடுபட்டுப்போகலாம். மண்டையைத் திறந்து மூளை நீர் வடிந்ததும் மூளையே கொஞ்சம் நகர்ந்துவிடும், பிளாஸ்டிக் நகராது.

இன்னொன்று, நேரம். அச்சிட்டுச் சுத்தம் செய்து முடிக்கப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால் நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்குத்தான் இது நன்றாக ஒத்துவரும். புடைப்பு வெடித்து அவசரமாக வருபவருக்குப் பெரும்பாலும் திரையில் சுழலும் 3டி படம்தான் கைகொடுக்கும்.