கர்ரி தீவு: கடற்கரையே நெடுஞ்சாலையாக இருக்கும் இடத்தில் வண்டி ஓட்டுவது எப்படி?

(திரையில்: ட்ரோன் காட்சி. நீளமான வெறும் கடற்கரை, நடுவில் ஒரே ஒரு கார்.)

வணக்கம். இப்போது திரையில் பார்ப்பது ஒரு நெடுஞ்சாலை. தார் இல்லை, நடுக்கோடு இல்லை, இடது பக்கம் மணல்மேடு, வலது பக்கம் பசிபிக் பெருங்கடல், அவ்வளவுதான். ஆனாலும் இதில் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வேகக் கட்டுப்பாடு உண்டு, சீட் பெல்ட் கட்டாயம், போலீஸ்காரர் நிறுத்தி ஊதச் சொல்வார், அதோடு அவ்வப்போது ஒரு குட்டி விமானம் வந்து இதே மணலில் இறங்கும். விமானம் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும்.

இடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கும் கர்ரி தீவு. ஃபிரேசர் ஐலண்ட் என்று சொன்னால் இன்னும் பலருக்குத் தெரியும். அந்த மண்ணின் மக்களான புட்சுல்லா மக்கள் வைத்திருந்த கர்ரி என்ற பெயர்தான் 2023-இல் மீண்டும் அதிகாரப்பூர்வப் பெயரானது. சுமார் 120 கிலோமீட்டர் நீளம், உலகத்திலேயே பெரிய மணல் தீவு, 1992-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். தெற்கே நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலைக் கடல் நீரோட்டம் லட்சக்கணக்கான வருடங்களாக வடக்கே தள்ளித் தள்ளிச் சேர்த்ததுதான் இந்தத் தீவு. அந்த மணல்மேல் ஒரு மழைக்காடே வளர்ந்து நிற்கிறது. அதைப் பற்றித் தனி வீடியோவே போடலாம், இன்றைக்கு வண்டி மட்டும்.

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 2017-இல் தார்ச்சாலை திறப்பதற்கு முன்னால் வேனில் போனவர்களுக்கு மணலில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போவது எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் அங்கே ஓட்டியவர்கள் வழியை மனப்பாடமாக வைத்திருந்த உள்ளூர் டிரைவர்கள், நாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். இங்கே ஸ்டீயரிங் உங்கள் கையில். அதனால்தான் இந்த வீடியோ.

எல்லோரும் முதலில் கேட்பது "எந்த வண்டி எடுக்கலாம்?" என்றுதான். அடிவயிறு உயரமாக இருக்கும் ஃபோர் வீல் டிரைவ் வேண்டும், அதில் லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு ஓட்ட உதவும் கியர்) இருந்தால் நல்லது, தேசியப் பூங்காவுக்குள் ஓட்ட வாகன பெர்மிட் ஆன்லைனில் முன்கூட்டியே வாங்க வேண்டும், வாடகை வண்டி என்றால் மணலில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்க வேண்டும், ஏனென்றால் சாதாரண வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அனுமதி இருக்காது, காப்பீடும் கை கொடுக்காது. சரி, வண்டிக் கதை முடிந்தது. என்னைக் கேட்டால் இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்பது இங்கே கடைசிக் கேள்வி. கடல் எப்போது வற்றும், டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது, இந்த இரண்டும்தான் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கும்.

(திரையில்: ஒரே இடம், இரண்டு படங்கள். ஒன்றில் அகலமான மணல், இன்னொன்றில் மணல்மேட்டின் அடிவரை தண்ணீர்.)

இந்த இரண்டு படங்களும் ஒரே இடம்தான், நடுவே ஆறு மணி நேர வித்தியாசம். கடல் ஒரு நாளில் சுமார் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். கடற்கரையின் சரிவு மிகவும் குறைவு என்பதால் தண்ணீர் ஒரு மீட்டர் உயர்ந்தாலே கரை பல மீட்டர் உள்ளே வந்துவிடும். ஏற்றத்தின் உச்சத்தில் தண்ணீர் மணல்மேட்டின் அடியைத் தொடும் இடங்கள் உண்டு, அந்த நேரத்தில் நீங்கள் நடுவில் மாட்டினால் ஒதுங்க இடமே இருக்காது, மணல்மேட்டின் மேல் வண்டியை ஏற்றவும் அனுமதி இல்லை, ஏற்றினாலும் புதைந்துதான் நிற்கும். பூங்கா நிர்வாகம் சொல்லும் விதி எளிமையானது: ஏற்றத்தின் உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டாதீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். காலை 11 மணிக்கு வற்றம் என்றால் மாலை 5 மணிவாக்கில் ஏற்றம். விதிப்படி 3 மணிக்குள் கடற்கரையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். நான் சொல்வது, 9-லிருந்து 1 மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், வழியில் ஒரு முறை புதைந்து அரை மணி நேரம் மண்வெட்டி போட்டாலும் பதற்றம் இருக்காது. அடுத்த நாள் இதே வற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், மூன்று நாள் தங்கினால் உங்கள் நேரம் இரண்டரை மணி நேரம் நகர்ந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றம் இன்னும் பலமாக இருக்கும். நாட்காட்டியைப் பார்த்து லீவு போடும்போதே கடல் ஏற்ற வற்ற அட்டவணையையும் பக்கத்தில் வையுங்கள், பலர் இதைத் தீவுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

இப்போது டயர். தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. அளவில் ஓடும் டயரை மணலில் 18, 20 வரை இறக்க வேண்டும். காற்றைக் குறைத்தால் டயர் பக்கவாட்டில் அகலமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தரையில் படும் இடம் முக்கியமாக நீளவாக்கில் கூடுகிறது. அதே எடை அதிகப் பரப்பில் பரவுவதால் வண்டி மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். காற்றை இறக்கச் சோம்பல்பட்டு "என் வண்டி பவர்ஃபுல்" என்று இறங்குபவர்கள்தான் படகுத்துறையிலேயே நிற்கிறார்கள். ஆமாம், படகுத்துறையில். ரெயின்போ பீச் ஊரைத் தாண்டி இன்ஸ்கிப் முனையில், வண்டிகளைத் தீவுக்கு ஏற்றிப்போகும் தட்டைப் படகான பார்ஜில் ஏற வேண்டும், அந்த முனையின் மணல் மாவு மாதிரி மெத்தென்று இருக்கும், தீவுக்குப் போகாமலே புதைந்து நிற்பவர்களை அங்கே வேடிக்கை பார்க்கலாம். அந்த முனையே கொஞ்சம் வம்பான இடம். 2015 செப்டம்பரில் அங்கிருந்த முகாமிடத்தில் கரை அப்படியே சரிந்து ஒரு காரையும் கேரவனையும் கூடாரங்களையும் கடல் இழுத்துக்கொண்டு போனது.

காற்று குறைந்த டயருக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. வேகமாகப் போகும்போது ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலையில் அப்படியே ஓட்டினால் சூடேறி வெடிக்கும். அதனால் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசரும் காற்றளவுக் கருவியும் இல்லாமல் கிளம்பவே கூடாது.

(திரையில்: கடற்கரையின் குறுக்கு வெட்டுப் படம். மூன்று நிறப் பட்டைகள்.)

அடுத்தது, எந்த மணலில் ஓட்டுவது? மேட்டை ஒட்டிய காய்ந்த மணல் உதிரி, சக்கரம் உள்ளே போகும். அலை நனைக்கும் ஓரத்தில் மணல் முழுக்கத் தண்ணீரில் ஊறிக் குழைந்திருக்கும், அங்கேயும் போகும், கூடவே உப்புநீர் வண்டியின் அடியில் ஏறும். இரண்டுக்கும் நடுவில், கடல் இப்போதுதான் விட்டுப்போன ஈர மணல் பட்டை இருக்கிறதே, அதுதான் உங்கள் சாலை. மணல்துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. குழந்தைகள் கட்டும் மணல் வீடு ஈர மணலில்தான் நிற்கும், காய்ந்தாலும் தண்ணீர் அதிகமானாலும் சரிந்துவிடும், அதே விஷயம்தான்.

அந்தப் பட்டையில் போகும்போது சுகமாக இருக்கும், 80-ஐத் தொடுவோம், பாட்டுப் போடுவோம். ஆபத்தும் அங்கேதான். தீவுக்குள்ளிருந்து நன்னீர் ஓடைகள் கடற்கரையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலில் விழுகின்றன. மழை பெய்த பிறகு அந்த அறுப்புகளின் விளிம்பு செங்குத்தாக அரை மீட்டர், சில இடத்தில் இன்னும் அதிகம் இருக்கும். மணலும் மணலும் ஒரே நிறம், மேகமூட்டத்தில் நிழலும் விழாது, கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படும். அப்போது பிரேக்கை அழுத்தி ஸ்டீயரிங்கை ஒடித்தால், கூரைமேல் சாமான் ஏற்றிய உயரமான வண்டி உருண்டுவிடும். கடற்கரையில் உயிர் போகும் விபத்துகளில் பல இப்படி வண்டி உருண்டு நடப்பவைதான். 80 என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம், அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கனமான சாமானைக் கூரையிலிருந்து இறக்கி உள்ளே தரையில் வையுங்கள், இரவில் ஓட்டவே வேண்டாம்.

எதிரே வண்டி வந்தால் இடது பக்கம் போவதுதான் விதி. ஆனால் மணலில் கோடு இல்லாததால் யார் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று குழப்பம் வரும், ஆகவே சீக்கிரமே இண்டிகேட்டர் போட்டுக் காட்டுங்கள். மீன் பிடிப்பவர்கள் கடலைப் பார்த்து நிற்பார்கள், அலைச் சத்தத்தில் உங்கள் வண்டிச் சத்தம் அவர்கள் காதில் விழாது. அவர்களைத் தாண்டும்போது நன்றாக மெதுவாகப் போங்கள்.

சரி, புதைந்துவிட்டது. இப்போது என்ன? முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வண்டி முன்னே நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியே எடுக்க வேண்டும், சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும், வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் வேலை நான்கு மடங்கு. ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் வந்து பாருங்கள், அந்தத் தடம் ஏற்கெனவே அழுந்தியிருப்பதால் பல நேரம் இதுவே போதும். போதாவிட்டால் சக்கரத்துக்கு முன்னாலும் அடியிலும் மணலை அள்ளிவிட்டு, டயர் காற்றை 15 வரை இறக்கி, மீட்புப் பலகை இருந்தால் சக்கரத்துக்கு அடியில் செருகி முயற்சி செய்யுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்கரம் வழுக்கும்போது இன்ஜின் சக்தியை வெட்டும் வண்டிகளில் அதை அணைக்க வேண்டியிருக்கும். நிறுத்தும்போதும் பிரேக் அடித்து நிறுத்தாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள், பிரேக் அடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே தடையாகும்.

இன்னொரு வண்டி வந்து பெல்ட் கட்டி இழுக்கிறேன் என்றால் ஒரே ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள்: டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பெல்ட்டை மாட்ட விடாதீர்கள். அது அந்த இழுப்புக்காகச் செய்யப்பட்டது இல்லை, பிய்த்துக்கொண்டால் குண்டு மாதிரி பறக்கும், அப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மீட்புக்கென்று அளவிட்டுப் பொருத்திய கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்கள் பெல்ட்டின் நீளத்தைவிட அதிகத் தூரம் தள்ளி நிற்க வேண்டும்.

(திரையில்: துருப்பிடித்த கப்பல்.)

வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இது மஹெனோ. 1905-இல் ஸ்காட்லாந்தில் கட்டிய பயணிகள் கப்பல், முதல் உலகப் போரில் மருத்துவக் கப்பலாக ஓடியது, 1935-இல் உடைப்பதற்காக ஜப்பானுக்கு இழுத்துப்போகும்போது புயலில் கயிறு அறுந்து இங்கே கரை ஒதுங்கியது. அதன்மேல் ஏறக் கூடாது, உள்ளேயும் போகக் கூடாது. அதற்குக் கொஞ்சம் தெற்கே ஈலை க்ரீக் (Eli Creek), மணிக்கு 40 லட்சம் லிட்டர் வரை தெளிந்த நன்னீர் கடலில் கொட்டும் ஓடை, மேலே நடந்து போய்த் தண்ணீரில் மிதந்தபடி இறங்கி வரலாம். கடலில் மட்டும் குளிக்க இறங்காதீர்கள், இழுப்பும் உண்டு, சுறாவும் உண்டு.

டிங்கோ என்ற ஆஸ்திரேலியக் காட்டு நாய்கள் வண்டி அருகே வரும். அழகாக இருக்கிறதே என்று பிஸ்கட் போடுவது குற்றம், அபராதமும் பெரியது. மனிதரிடம் உணவு பார்த்துப் பழகிய டிங்கோதான் ஆபத்தாக மாறுகிறது. 2001-இல் இந்தத் தீவில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் டிங்கோ தாக்கி இறந்தான். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள், சாப்பாட்டை வண்டிக்குள் பூட்டுங்கள்.

திரும்பி வந்ததும், தார்ச்சாலை ஏறும் முன் டயருக்குக் காற்று. அப்புறம் வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் நன்றாகக் கழுவ வேண்டும், சேசிஸ் இடுக்கு, பிரேக், சக்கரத்தின் உள்பக்கம் எல்லாம். அன்றைக்கே செய்யுங்கள், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்ட உப்பு அடுத்த வருடம் துருவாகக் கண்ணில் படும்.

இதெல்லாம் தலைவலி என்று தோன்றுகிறதா? ஹெர்வி பேயிலிருந்தும் ரெயின்போ பீச்சிலிருந்தும் பெரிய சக்கரம் வைத்த ஃபோர் வீல் டிரைவ் பஸ்கள் தீவுக்குப் போய்வருகின்றன. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், மணலில் இதற்குமுன் ஓட்டியதே இல்லை என்றால் நான் அந்த பஸ்ஸைத்தான் சொல்வேன்.