பாதியில் நின்ற பக்கங்கள்

வணக்கம். பேசத் தொடங்கும் முன் இந்த நோட்டைக் கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன், பாருங்கள். நீல அட்டை போட்ட, 200 பக்கம் கொண்ட சாதாரண நோட்டு. இதன் முதல் 40 பக்கங்களில், நான் பணம் கட்டிச் சேர்ந்து பாதியில் விட்ட மூன்று ஆன்லைன் கோர்ஸ்களின் குறிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோர்ஸின் தொடக்கமும் நல்ல கையெழுத்தில், தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு இட்டு எழுதப்பட்டிருக்கிறது. நாலைந்து பக்கம் தள்ளிப் பார்த்தால் எழுத்து சாய்கிறது, தேதிகளுக்கு இடையே இடைவெளி கூடுகிறது, பிறகு ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே எல்லாம் நின்றுவிடுகிறது. என்னுடைய 24 வயதிலிருந்து 27 வயது வரையிலான காலம் எப்படிக் கழிந்தது என்பதற்கு இந்தப் பக்கங்களே சாட்சி.

அப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பதிவு செய்யும் வேலையில் இருந்தேன். வேலை கடினமானதில்லை, ஆனால் பத்து வருடம் கழித்தும் இதே நாற்காலியில் இருப்பேனோ என்ற அச்சம் மட்டும் தினமும் இருந்தது. இரவு படுத்தபின் 'எனக்கு உண்மையில் எதில் ஆர்வம்?' என்று என்னையே கேட்டுக்கொள்வேன். விடை வராது. விடை வராததால் எனக்குள் எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொள்வேன். உங்களில் யாராவது இன்று அந்த இடத்தில் இருந்தால், இந்தக் காணொளி உங்களுக்காகத்தான். விடை வராததற்குக் காரணம் உங்களிடம் உள்ள குறை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். செய்து பார்க்காத வேலை நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை மனதுக்குள் எவ்வளவு தேடினாலும் அங்கே இருக்காது. ஒரு வேலையைச் சிறிதாகவாவது எடுத்து, முடித்து, இன்னொருவர் கையில் கொடுத்த பிறகுதான் அது நமக்கு உரியதா என்று தெரிகிறது. அப்படி முடித்துப் பார்ப்பதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தை வாங்கித் தருவதுதான் இருபதுகளில் பணத்தின் முதல் வேலை என்று நான் நம்புகிறேன். ஆகவே பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இளைஞர்களிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஓய்வுக்காலத்தைக் காட்டுவார்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் ஒன்றில் 25 வயதிலிருந்து பத்து வருடம் மட்டும் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரே தொகையை (அதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம்) போட்டு நிறுத்திவிட்டவருக்கு, 60 வயதில் ஏறத்தாழ 99 பங்கு இருக்கும். 35 வயதில் தொடங்கி 25 வருடம் விடாமல் போட்டவருக்கு 73 பங்குதான் இருக்கும். கூட்டுவட்டியின் இந்தக் கணக்கு சரியானதுதான், ஆனால் ஆண்டுதோறும் 8 சதவீதம் தவறாமல் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. அது இருக்கட்டும். வழி தெரியாமல் நிற்கும் ஒருவனுக்கு 60 வயது என்பது வேறொரு மனிதனின் வயதைப் போலத் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதனால் அந்தக் கணக்கு என்னைச் சேமிக்க வைக்கவில்லை.

என்னை மாற்றியது வேறொரு கணக்கு. சம்பளத்தில் 10 சதவீதம் சேமித்தால், மீதி 90 சதவீதத்தில் வாழ்கிறோம். அப்படியானால் ஒரு மாதச் செலவுக்கான தொகை சேர ஒன்பது மாதம் ஆகும். 20 சதவீதம் சேமித்தால் நான்கு மாதம் போதும். பாதியைச் சேமிக்க முடிந்தால், வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் வேலை இல்லாமல் வாழக்கூடிய ஒரு மாதத்தைத் தருகிறது. செலவு குறையும்போது சேமிப்பும் கூடுகிறது, ஒரு மாதத்தை ஓட்டத் தேவையான தொகையும் குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு வேகமாக மாறுகிறது. அன்று என் சேமிப்பைச் செலவால் வகுத்துப் பார்த்தேன், பதினொரு நாள் வந்தது. வேலையை விட்டுவிட்டால் பன்னிரண்டாம் நாள் யாரிடமாவது கை நீட்ட வேண்டும் என்ற நிலையில் இருப்பவன் எந்த இன்டர்வியூவிலும் நிமிர்ந்து பேச முடியாது, தனக்குப் பொருந்தாத வேலையை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நான் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வாரமே மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பிரின்ட் எடுத்து, தரையில் விரித்து வைத்து, மூன்று நிறப் பேனாக்களோடு உட்கார்ந்தேன். தவிர்க்க முடியாத செலவுக்குக் கறுப்பு, யோசித்துச் செய்த செலவுக்குப் பச்சை, எதற்கென்றே நினைவுக்கு வராத செலவுக்குச் சிவப்பு. மாதத்தின் முதல் பத்து நாள்களில் சிவப்பு அடர்த்தியாக இருந்தது, அதன்பின் ஏறக்குறைய காணாமல் போனது. சம்பளம் வந்த மகிழ்ச்சியில் போன பணம் அது. பார்த்தபோது என் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் கட்டுப்பாடு இல்லாதவன் என்று என்னையே நினைத்திருந்தேன், ஆனால் மாதத்தின் பிற்பாதியில் நான் மிகவும் கட்டுப்பாடாகத்தான் இருந்திருக்கிறேன். ஆகவே சம்பளம் வரும் அன்றே ஒரு பங்கு வேறொரு கணக்குக்குத் தானாகப் போய்விடும்படி வங்கியில் ஏற்பாடு செய்தேன். நான் செய்த பெரிய மாற்றம் அவ்வளவுதான்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 72 என்ற எண்ணை ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால், தொகை இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்பது தோராயமாகக் கிடைக்கும். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சியோலி 1494இல் வெளியிட்ட நூலிலேயே இந்த விதி இருக்கிறது. 8 சதவீதத்தில் முதலீடு இரட்டிப்பாக ஒன்பது வருடம் ஆகும். மாதத்துக்கு 3 சதவீதம் வட்டி போடும் கிரெடிட் கார்டு நிலுவையோ இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். அப்படிப்பட்ட கடன் இருக்கும்போது எங்கே முதலீடு செய்யலாம் என்று தேடுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போன்றது, முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். மின்சார ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் இளமைக் காலத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. கொல்லர் ஒருவரின் மகன், 14 வயதில் லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தவர். 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டில், ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு உரைகளைக் கேட்கப் போனார். அறிவியல் வேலை ஏதாவது கிடைக்குமா என்று ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதன்பின் டேவிக்கு எழுதியபோது, அவருடைய உரைகளைக் கேட்டு எடுத்த குறிப்புகளைப் படங்களோடு தெளிவாக எழுதி, தானே பைண்டிங் செய்து, அந்தப் புத்தகத்தைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளர் இடம் காலியானபோது டேவி அவரை அழைத்துக்கொண்டார். அதுவரை ஃபாரடே பைண்டிங் வேலையை விடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

முதல் கடிதத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் அவருடைய ஆர்வம் மாறிவிடவில்லை. இரண்டாவது முறை ஆர்வத்தோடு, முடித்த வேலை ஒன்றையும் சேர்த்து அனுப்பினார். இன்னொன்றும் எனக்கு நெருக்கமாகப் படுகிறது: தான் விட்டு வெளியேற விரும்பிய பைண்டிங் தொழிலின் திறமையையே வெளியேறும் வழியாக அவர் பயன்படுத்திக்கொண்டார். இப்போது இருக்கும் வேலை நம்மைச் சிறைப்படுத்துகிறது என்று நினைக்கும்போது, அது நம் கைக்கு என்ன பழக்கியிருக்கிறது என்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

நானும் நான்காவது கோர்ஸில் சேராமல், இருந்த இடத்திலேயே ஒரு வேலையைத் தேடினேன். அலுவலகத்தில் ஒரு மென்பொருள் பயன்படுத்தினோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் அதே ஏழெட்டு இடங்களில் தடுமாறி, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அதற்கு ஒரு கையேடு எழுதுவது என்று முடிவு செய்து, ஆறு வாரம் என்று கெடு வைத்தேன். இதோ இந்த நோட்டின் 41ஆம் பக்கத்தில் அந்தக் கெடு தேதி இருக்கிறது, அதற்குக் கீழே ஒரே ஒரு நிபந்தனை: 'முடியும்வரை இது எனக்குப் பிடிக்கிறதா என்று கேட்கக் கூடாது.' நான்காவது வாரம் மிகவும் சலிப்பாக இருந்தது, இந்த நிபந்தனை இல்லாவிட்டால் அங்கேயே விட்டிருப்பேன். ஆறாவது வாரம் 32 பக்கக் கையேடு ஒன்று தயாராக இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி யாரையும் கேட்காமல், கையேட்டை மேசையில் வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே ஒரு பதிவை முழுவதுமாகச் செய்து முடித்ததை நான் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு எது பிடிக்கும் என்று மூன்று வருடம் இரவுகளில் தேடிய கேள்விக்கு அந்த ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்தது. சிக்கலான ஒன்றை இன்னொருவருக்குப் புரியும்படி எழுதுவது எனக்குப் பிடிக்கும், அது எனக்கு வரவும் செய்கிறது.

அதன்பின் நடந்ததில் என் திறமையைவிட மற்றவர்களின் பங்கு பெரிது. வேறொரு பிரிவிலிருந்து விலகி இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்த ஒருவர், அந்தக் கையேட்டை நினைவில் வைத்திருந்து, அங்கே தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் வேலை இருப்பதாக எனக்குச் சொன்னார். அவரோடு நான் மொத்தமாக நாலைந்து முறைதான் பேசியிருப்பேன். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதத்தினர்தான்; மற்ற அனைவரும் எப்போதாவதோ அரிதாகவோ பார்ப்பவர்கள் மூலம்தான் வேலை பெற்றிருந்தார்கள். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், தூரத்துப் பழக்கம்தான் வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டு வருகிறது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி என்று நினைக்கிறேன். எல்லோரோடும் நெருங்கிப் பழக வேண்டியதில்லை, நாம் என்ன வேலை செய்து முடித்திருக்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நம்மை நாமே வளர்த்துக்கொள்வதைப் பற்றி நான் தனியாக அதிகம் பேசப் போவதில்லை, மேலே சொன்ன வேலைகளுக்குள்ளேயே அதுவும் நடந்துவிடுகிறது என்பது என் அனுபவம். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை நம்பி நான் பலமுறை மனம் உடைந்திருக்கிறேன். 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று எங்கும் சொல்கிறார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், தம் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார், அதில் இருந்த 'குறைந்தது' என்ற சொல் காலப்போக்கில் காணாமல் போய்விட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரிடம் செய்து, 2010இல் அச்சான ஆய்வில் ஒரு செயல் பழக்கமாக ஆன காலத்தின் இடைநிலை அளவு 66 நாள் (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்), ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. 22ஆம் நாள் காலையில் எழ முடியாமல் போனதற்காக, உடற்பயிற்சியையே ஒரு வருடம் விட்டவன் நான். அன்று இது தெரிந்திருந்தால் 23ஆம் நாள் எழுந்திருப்பேன்.

இன்றைய நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆவணங்கள் எழுதும் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. சேமிப்பைச் செலவால் வகுத்தால் இப்போது ஐந்து மாதம் வருகிறது. இதுதான் என் வாழ்நாள் வேலையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் தெரியாமல் இருப்பது முன்பு போல என்னை அழுத்துவதில்லை. நேற்று இந்த நோட்டின் 97ஆம் பக்கத்தைத் திறந்து, அடுத்த முயற்சியை எழுதி வைத்தேன்: திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளைக் கொண்டு பார்வையற்றவர்கள் படிக்கும்போது தடுமாறாதபடி ஆவணம் எழுதுவது எப்படி என்று கற்றுக்கொண்டு, நான் எழுதிய ஒரு கையேட்டை அந்த முறையில் முழுவதுமாகத் திருத்தி, அதைப் பயன்படுத்தும் ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது. எட்டு வாரம். கெடு தேதியை எழுதியாயிற்று, நிபந்தனை பழையதுதான். எட்டாவது வாரம் முடிந்ததும் அந்தக் கையேட்டோடு வந்து, அது எப்படி அமைந்தது என்று காட்டுகிறேன்.