அவள் பெயர் அன்னா இல்லை

வணக்கம். பிறப்பு, இறப்புப் பதிவேடு என்றால் சான்றிதழ் வாங்குகிற இடம், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். வீட்டுக்குள் அடிபடும் குழந்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? குழந்தைக் கொடுமையை விசாரிப்பவர்களுக்கு அந்தப் பதிவேட்டைத் திறந்துவிடலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

2000 பிப்ரவரியில் லண்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். உடம்பில் 128 காயங்கள். படிக்க வைக்கிறேன் என்று கூட்டிவந்த உறவுக்காரப் பெண்ணும் அவளோடு வாழ்ந்த ஆணும் செய்த கொடுமை. சமூகநலத் துறை, போலீஸ், மருத்துவமனை என்று எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பார்த்திருந்தார்கள். கோப்புகளில் அவள் பெயர் அன்னா. அது வேறொரு சிறுமியின் பாஸ்போர்ட்டில் இருந்த பெயர். அந்தப் படத்துக்குப் பொருந்த, தலையில் விக் வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். தாய் என்று சொல்லிக்கொண்டவள் தாயே இல்லை. விக்டோரியா க்ளிம்பியே என்ற உண்மைப் பெயர் வெளியே வந்தது, பிள்ளை போன பிறகுதான். இது யார் பெற்ற பிள்ளை என்ற கேள்விக்குப் பதில் இருப்பது பிறப்புப் பதிவில். அவள் பிறந்தது மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டில். அப்படியென்றால் எல்லை தாண்டியும் கேட்க வழி வேண்டும்.

இந்த வழக்கை ஆராய்ந்த லார்ட் லாமிங்கின் அறிக்கை 2003 ஜனவரியில் வந்தது. அதே மாதம், அதே நாட்டில் சாலி கிளார்க் என்ற தாய் விடுதலையானார். இரண்டு கைக்குழந்தைகளை இழந்தவர்; அவரே கொன்றார் என்று தண்டிக்கப்பட்டவர். ஒரே வீட்டில் இரண்டு சாவு இயற்கையாக நடக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று நீதிமன்றத்தில் ஒரு மருத்துவர் கணக்குச் சொன்னார். கணக்கே தப்பு. அதற்குள் மூன்று வருஷத்துக்கு மேல் சிறை. இறப்புப் பதிவு சாவைச் சொல்லும்; குற்றத்தைச் சொல்லாது.

சரி, திறப்பதா மூடுவதா? கேள்விக்குப் பதில் கொடுங்கள், பதிவேட்டையே தூக்கிக் கொடுக்காதீர்கள் என்பேன். அமெரிக்காவில் மிச்சிகன், மேரிலாந்து போன்ற மாநிலங்களில், முன்பு பெற்றோர் உரிமையை இழந்தவர்களுக்குப் புதிதாகக் குழந்தை பிறந்தால் பிறப்புப் பதிவை ஒப்பிட்டுக் குழந்தை நல அமைப்புக்குத் தெரிவிக்கிறார்கள். போய்ப் பார்க்க அது ஒரு காரணம். பிள்ளையைப் பிடுங்கி வர அல்ல.

அப்புறம், அடிக்கிற கணவனிடமிருந்து ஒளிந்து வாழும் தாயின் முகவரியும் பதிவேட்டில் இருக்கலாம். அது விசாரணைக் கோப்பு வழியாக அவன் வக்கீல் கைக்குப் போனால்? புகார் பொய் என்று விசாரணை முடிந்தால், வாங்கிய நகல் யாரிடம் இருக்கும், எப்போது அழியும்? இதற்கு விதி எழுதாமல் பதிவேட்டைத் திறக்கச் சொல்லி மனு வந்தால், இவ்வளவு பேசிய நானே கையெழுத்துப் போட மாட்டேன்.