மிளகுக்கொடியோட ஆத்தா இன்னும் காட்டுலதான் இருக்கா

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, தோட்டக்கலைத் துறையில இருந்து வேலையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கற ஐயா அவர்களே, முன்வரிசை பெரியவங்களே, மழையிலயும் மைக் செட் கட்டிக்கொடுத்த தம்பிங்களே, எல்லாருக்கும் வணக்கம். பத்து மிளகு இருந்தா பகையாளி வீட்லயும் சாப்பிடலாம்னு சொல்வாங்க. அந்தப் பத்து மிளகோட கதையை பூர்வீகம், ஜீன், வியாபாரம்னு மூணா பேசப்போறேன்.

பூர்வீகம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை. இன்னைக்கு வியட்நாம்ல வெளையறதும் பிரேசில்ல வெளையறதும் இந்த மலைக்கொடியோட வாரிசுதான்.

அடுத்து ஜீன். எங்க மாமா தோட்டத்து ஓரம், காட்டை ஒட்டின பலா மரத்துல ஒரு கொடி ஏறியிருந்துச்சு, இலை கருகருன்னு இருக்கும், வருஷா வருஷம் கதிர் விடும், ஆனா ஒரு மிளகு கூட பிடிக்காது, மாமா "இது மலட்டுக்கொடிடா, வெட்டு"ன்னாரு, நானும் அருவாள எடுத்து அடியோட வெட்டிட்டேன், பெருமையா வேற வந்து நின்னேன். பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அது ஆண் கொடி! காட்டு மிளகுல பெரும்பாலும் ஆண் தனி, பெண் தனி. நாம நடுற மிளகுல ஒரே பூவுல ரெண்டும் இருக்கும், அப்படிப்பட்ட கொடியா பாத்துப் பாத்து தலைமுறை தலைமுறையா எடுத்து வச்சது நம்ம முன்னோருங்க. ஆனா தண்டை வெட்டி நடுறதால அம்மாக்கொடியோட ஜீன் அப்படியே மாறாம வரும். மாமா தோட்டம் முழுக்க ஒரே கொடியோட தண்டுதான். ஒரு பருவமழையில வாடல் நோய் வந்துச்சு, இலையில கறுப்புப் புள்ளி, அப்புறம் கணு கணுவா உதிர்ந்து, எல்லாமே போச்சு. மாமா வெறும் மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது இன்னும் கண்ணுலயே இருக்கு.

1971-ல வந்த பன்னியூர் 1, உலகத்துலயே முதல் கலப்பின மிளகு ரகம், ரெண்டு நாட்டுக்கொடிய இனம் சேர்த்து உண்டாக்கினது. அந்த ரெண்டையும் யாராவது வெட்டிப் போட்டிருந்தா? பத்து மிளகு இருந்தா பகையாளி வீட்லயும் சாப்பிடலாம், அந்தப் பத்தும் ஒரே கொடியோடதா இருந்தா நோய்தான் சாப்பிடும்!

வியாபாரத்துக்கு நேரம் இல்ல, ஐயா கைக்கடிகாரத்தைப் பாக்கறாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், இந்த வாரம் களை வெட்டப் போறவங்க, காட்டோரம் காய்க்காத மிளகுக்கொடி இருந்தா அருவாள அதுமேல வைக்காதீங்க, ஒரு துணி கட்டி அடையாளம் வச்சுட்டு எங்களுக்குச் சொல்லுங்க, நாங்க வந்து பாக்கறோம்.