மோப்பநாய் ஏன் நின்றது? ராணுவ நாய்கள் வேலை செய்யும் விதம்

[திரையில்: பழைய நாளிதழின் ஒரு பத்தி, மூன்று வரிகள் மட்டும் பெரிதாக]

"மோப்பநாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை."

தமிழ்ப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரிகள் மனப்பாடம். எந்த ஊரில் திருட்டு நடந்தாலும் செய்தியின் கடைசியில் இது வந்துவிடும், படிக்கிறவருக்கும் நாய் தோற்றுப்போனது என்றுதான் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது நின்ற இடம் எது என்று யோசியுங்கள். பல நேரம் தார் ரோடாக இருக்கும். திருடன் அங்கே வண்டியில் ஏறியிருப்பான், நடந்து வந்தவனின் வாசனை அந்த இடத்தோடு தீர்ந்துவிடும், நாயும் நின்றுவிடும். இதுவரை நடந்தான், இதற்கப்புறம் தரையில் கால் வைக்கவில்லை என்று அது சொல்லிவிட்டது. அதைப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வீடியோ ராணுவ நாய்களைப் பற்றியது. அங்கே நாயும் அதை நடத்துகிற ஹேண்ட்லரும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. அதைத்தான் இன்று விளக்கப் போகிறேன், முதலில் மூக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.

[திரையில்: நாயின் மூக்கு, மிக அருகில்]

நாம் நடக்கும்போது தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவை விழுந்த இடமெல்லாம் நம் வாசனை. கூடவே நாம் மிதித்த புல் நசுங்கி ஒரு மணம் விடும், கிளறிய மண் இன்னொரு மணம் விடும். இதெல்லாம் சேர்ந்ததுதான் தடம். நமக்கு வாசனையை உணரும் செல்கள் சுமார் 50 லட்சம் என்றால் நாய்க்கு, இனத்தைப் பொறுத்து, 20 கோடிக்கு மேல். எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்த விஷயம் அந்த மூக்கின் அமைப்பு. நாயின் மூக்குத் துவாரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னப் பிளவு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? மூச்சை வெளியே விடும்போது காற்று அந்தப் பக்கமாகப் போகிறது, அதனால் முன்னால் தரையில் இருக்கிற வாசனை கலைவதில்லை. ஒரு நொடியில் ஐந்து தடவை வரை இப்படி உறிஞ்ச முடியும்.

சரி, தடம் கிடைத்துவிட்டது, ஆள் எந்தப் பக்கம் போனான்? இதையும் நாய் கண்டுபிடிக்கிறது. பழைய காலடியைவிட அடுத்த காலடி கொஞ்சம் புதுசு, அதற்கடுத்தது இன்னும் புதுசு, அந்த நூலிழை வித்தியாசம் அதற்குப் போதும். நன்கு பயின்ற நாய்களுக்கு ஐந்து காலடிகளே போதுமாக இருந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இது எந்த நேரமும் ஒரே மாதிரி வேலை செய்யும் மூக்கு இல்லை. விடியற்காலை ஈரத்தில் வாசனை தரையோடு ஒட்டிக் கிடக்கும், உச்சி வெயிலில் சீக்கிரம் கலைந்துபோகும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இரைக்கும்போது சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. அதனால் தண்ணீர் கொடுக்கிற நேரம், நிழலில் உட்கார வைக்கிற நேரம், இதெல்லாம் தேடுதலின் பகுதிதான், இடைவேளை என்று நினைக்கக் கூடாது.

அடுத்தது ஹேண்ட்லர். நீளமான வார் ஒன்றின் ஒரு முனையில் நாய், மறுமுனையில் அவர். தடத்தின் மேல் இருக்கும்வரை வார் ஒரே இழுப்பாக விறைத்திருக்கும். திடீரென்று தளர்ந்தால், தலை தூக்கினால், வட்டமடித்தால், தடம் விட்டுப்போயிருக்கிறது அல்லது திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். தலையைத் தூக்கி, காதை விறைத்து, காற்றில் மோப்பம் பிடித்தால் ஆள் பக்கத்திலேயே இருக்கலாம். இதை அவர் அரை நொடியில் படித்துப் பின்னால் வரும் வீரர்களுக்குக் கைச்சைகை காட்ட வேண்டும். இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது: எதிரி இந்தப் பக்கம்தான் போயிருப்பான் என்று ஹேண்ட்லர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டால், அவருடைய நடையிலும் வாரைப் பிடிக்கிற பிடியிலும் அது தெரிந்துவிடும், அவரைச் சந்தோஷப்படுத்த நாயும் அந்தப் பக்கமே போகும். அதனால் நல்ல ஹேண்ட்லர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, நாயை நம்பித் தன் யோசனையை ஓரம் வைப்பது.

[திரையில்: ஜம்மு பகுதி மலைக்காடு]

2023 செப்டம்பர் 12, ரஜௌரி மாவட்டம், நார்லா. தப்பியோடிய தீவிரவாதிகளின் தடத்தைப் பிடித்து வீரர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது கென்ட், 21ஆவது ராணுவ நாய்ப் பிரிவைச் சேர்ந்த ஆறு வயதுப் பெண் லாப்ரடார். கடுமையான துப்பாக்கிச்சூட்டில் தன் ஹேண்ட்லரைக் காத்து கென்ட் இறந்தது என்று ராணுவம் அறிவித்தது. தடம் பிடிக்கிற நாய் எப்போதும் வரிசையின் முன்னால்தான் போகும். மறைந்திருப்பவன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எல்லா நாய்க்கும் ஒரே வேலை இல்லை. ரோந்துக்குப் போகிற நாய்க்கு முதல் பாடம் குரைக்காமல் இருப்பது. பதுங்கியிருப்பவர்களின் வாசனை காற்றில் வந்தால் அது சத்தமில்லாமல் உடம்பு விறைத்து நிற்கும். முகாமில் காவல் இருக்கிற நாய்க்கு அதன் காது பெரிய பலம், நாம் கேட்கிற ஒலியைவிட இரண்டு மடங்கு உயர்ந்த அதிர்வெண் வரை அதற்குக் கேட்கும். வெடிகுண்டு தேடுகிற நாய் கண்டுபிடித்ததும் உட்கார்ந்துவிடும். தரையைப் பிராண்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கெல்லாம் சம்பளம் பெரும்பாலும் ஒரு பந்து, கொஞ்சம் விளையாட்டு, ஒரு தட்டிக்கொடுப்பு.

இந்தியாவில் இந்தப் பயிற்சி உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் நடக்கிறது, ராணுவத்தில் விலங்குகளைக் கவனிக்கும் பிரிவான ரீமவுண்ட் வெட்டரினரி கோர் 1960இல் அங்கே நாய்ப் பயிற்சியைத் தொடங்கியது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினோய் இனங்கள் அதிகம், கர்நாடகத்தின் முதோல் நாயையும் எடுத்திருக்கிறார்கள். நம்ம சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் ராணுவத்துக்கு இன்னும் அதிகமாகப் போக வேண்டும் என்று கேட்கிறவர்களின் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய், மூக்கைத் தரையில் வைத்து மணிக்கணக்கில் நடக்கிற வேலை அதற்கு இயல்பாக வருமா என்பதைப் பயிற்சியில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஊர்ப்பெருமைக்காக ஒரு நாயைத் தப்பான வேலையில் போடக் கூடாது.

2015 ஆகஸ்டில் காஷ்மீரின் குப்வாரா மாவட்டம், தங்தார் பகுதியில், மான்சி என்ற லாப்ரடாரும் அதன் ஹேண்ட்லர் பஷீர் அகமது வார் என்பவரும் ஊடுருவல்காரர்களை எதிர்கொண்டு ஒன்றாக இறந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவு வந்தது நம்ம ஊர்க் கல் ஒன்று.

[திரையில்: எடுத்தனூர் நடுகல்]

திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கத்தில் எடுத்தனூர். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமை மந்தையைக் காக்கப்போன கருந்தேவக்கத்தி என்ற வீரன் செத்துப்போகிறான், அவனுக்கு நடுகல் வைக்கிறார்கள். அதில் அவன் பின்னால் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது, அந்த நாயின் பெயர் தெரியும்.

அதனால்தான் அடுத்த விஷயத்தை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. வேலைக்குத் தகுதியில்லாமல் போன ராணுவ நாய்களை ஊசி போட்டுக் கொன்றுவந்த வழக்கம் இந்தியாவில் இருந்தது. 2015இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் அது வெளியே தெரிந்து, எதிர்ப்பு கிளம்பி, விஷயம் நீதிமன்றம்வரை போனபிறகுதான் கொள்கை மாறியது. அமெரிக்கப் படையும் இதைச் செய்ததுதான், வியட்நாம் போருக்குக் கொண்டுபோன ஆயிரக்கணக்கான நாய்களில் பெரும்பாலானவற்றை அங்கேயே கொன்றார்கள் அல்லது விட்டுவிட்டு வந்தார்கள். ஓய்வுபெற்ற நாயைத் தத்துக் கொடுக்க 2000இல்தான் அங்கே சட்டம் வந்தது.

இப்போது மீரட்டில் வயதான நாய்களுக்கு இல்லம் இருக்கிறது, பொதுமக்கள் தத்தெடுக்கவும் விண்ணப்பிக்கலாம். எடுப்பதாக இருந்தால் யோசித்து எடுங்கள், வருவது குட்டி கிடையாது, மூட்டு வலியோடு வரலாம், மருத்துவச் செலவு இருக்கும், ராணுவ ஒழுங்கில் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்கு நடந்து பழகிய உடம்பு அது. அப்புறம், புதுப் பெயர் எதுவும் வைக்க வேண்டாம். இத்தனை வருஷம் ஹேண்ட்லர் கூப்பிட்ட பெயரையே சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கும்.