பளு தரையில் அமரும் நேரம்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். தொழிற்சாலைகளில் பளுவைக் கையாளும்போது நேரும் காயங்களுள், கிரேனில் தொங்கும் பளு தரையில் அமரும் நேரத்தில் விரல்கள் நசுங்குவதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் 2 டன் எடையுள்ள டை ஒன்றை, அதாவது இரும்பு அச்சு ஒன்றை, கிரேன் இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு சிலிங்கை, அதாவது பளுவைக் கட்டித் தூக்கும் கயிற்றை அல்லது சங்கிலியை, உருவி எடுப்பதற்கு அடியில் இடைவெளி வேண்டுமென்பதால், தரையில் மரக்கட்டைகள் போடப்பட்டிருக்கின்றன. டை நெருங்கி வரும்போது ஒரு கட்டை விலகியிருப்பதைக் கண்டு, அருகில் நிற்பவர் குனிந்து அதைக் கையாலேயே தள்ளுகிறார். அப்போது டை லேசாக ஆடினாலோ, ஆபரேட்டர் பொத்தானை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலோ, விரல்கள் இரும்புக்கும் கட்டைக்கும் நடுவே அகப்பட்டுவிடும். தோல் கையுறை அந்த எடைக்குப் பாதுகாப்பாகாது.

இத்தகைய விபத்தின் அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிடுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. கட்டையைத் தள்ள நீளமான கம்பி அங்கே இருந்ததா, பளுவைத் திருப்ப வழிகாட்டும் கயிறு கட்டப்பட்டிருந்ததா, சைகை காட்டும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருந்ததா, டையின் மேல் அதன் எடை எழுதப்பட்டிருந்ததா என்றெல்லாம் கேட்காத அறிக்கை, அடுத்த ஷிஃப்டில் அதே இடத்தில் நிற்பவருக்கு எந்த வகையிலும் உதவாது.

எடை தெரிந்தால் மட்டும் போதாது. கொக்கியிலிருந்து இரண்டு கிளைகளாகப் பிரியும் இரண்டு கால் சிலிங்கில் ஒவ்வொரு காலும் பாதி எடையைச் சுமக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கால்கள் செங்குத்தாக இருக்கும்வரையில்தான் அது சரி. அவற்றுக்கிடையே கோணம் 120 பாகையாக விரிந்தால், ஒவ்வொரு காலும் முழு 2 டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். குட்டையான சிலிங்கை வைத்துச் சமாளிக்கும் இடங்களில் இது எளிதில் நேர்ந்துவிடுகிறது. தூக்கும் சங்கிலிகளையும் கயிறுகளையும் தகுதி பெற்றவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்திருந்தது. ஆனால் தினமும் ஷிஃப்ட் தொடங்குமுன் அவற்றைக் கண்ணால் பார்ப்பதற்கு எந்தச் சட்டமும் சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். துண்டான பகுதியை ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள்; பனிக்கட்டி நேரடியாகப் பட்டால் திசு சேதமாகும். விரலை மீண்டும் பொருத்தும் அறுவைச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் உண்டு என்பதும், அதன் தொலைபேசி எண்ணும், இரவு ஷிஃப்ட் பொறுப்பாளர் உட்பட அனைவருக்கும் இன்றே தெரிந்திருக்க வேண்டும்.