கிளி எடுத்த சீட்டும் டாரட் அட்டையும்: சீட்டுக் குறியின் கதை

[காட்சி: பேருந்து நிலையத்தின் மதிலோரம். கித்தான் விரிப்பின் மேல் ஒரு சிறிய மரக்கூண்டு, அதன் முன் வரிசையாக அடுக்கிய மடிப்புச் சீட்டுகள்.]

தர்மபுரிப் பேருந்து நிலையத்தின் மதிலோரத்தில், நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு கிளி ஜோசியர் உட்கார்ந்திருப்பார். என் ஆயா, அதாவது பாட்டி, நகரத்துக்கு வரும் நாள்களில், வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கி முடித்துவிட்டு, பேருந்து வரும்வரை அவர் முன்னால் போய்க் குந்திக்கொள்வார். ஜோசியர் பெயரைக் கேட்டுக்கொண்டு கூண்டைத் திறப்பார். "வாம்மா மீனாட்சி, இந்தத் தாயி பேருக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடுத்துக் குடு" என்றதும் கிளி தத்தித் தத்தி வெளியே வந்து, அலகால் ஒவ்வொரு சீட்டாக இழுத்துத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒன்றை மட்டும் அவர் கையில் கொடுக்கும். கூலியாக ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் திரும்பிவிடும். ஓரமெல்லாம் கிளி கடித்துக் கடித்துப் பஞ்சு போலாகிவிட்ட அந்தச் சீட்டைப் பிரித்தால் உள்ளே முருகன் படமோ, மாரியம்மன் படமோ, சில வேளைகளில் மாதா படமோ இருக்கும்.

அந்த வயதில் நான் கிளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்துப் பார்க்கையில் வேறொன்று தெரிகிறது: ஜோசியர் சீட்டைப் பார்த்த நேரத்தைவிட ஆயாவின் முகத்தைப் பார்த்த நேரமே அதிகம்.

இந்த மதிலோரக் காட்சியில் மூன்று செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றும் அறியாத ஒரு கை, அல்லது ஓர் அலகு, சீட்டை எடுப்பது முதலாவது. சீட்டில் ஒரு படமும் அந்தப் படத்துக்கென்று ஒரு பொருளும் இருப்பது இரண்டாவது. அதைக் கேட்பவருக்குப் பொருந்தும்படி ஒருவர் எடுத்துச் சொல்வது மூன்றாவது. உலகில் எந்த ஊரில் சீட்டு வைத்துக் குறி பார்த்தாலும் இந்த மூன்றும் இருக்கும். ஆனால் மூன்றுக்கும் வயது ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், குறி சொல்லப் பயன்படும் ஐரோப்பியப் படச் சீட்டுக் கட்டான டாரட் பற்றி இணையத்தில் உலவும் பழம்பெருமைக் கதைகளில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

[காட்சி: முறத்தில் பரப்பிய நெல். ஒரு கை அதை மெல்ல விலக்குகிறது.]

முதற் செயலான எடுப்பது நம் மண்ணில் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் தலைவியின் உடல் மெலிவுக்குக் காரணம் கேட்டு, குறி சொல்லும் பெண்ணான கட்டுவிச்சியைக் கொண்டு முறத்தில் நெல்லைப் பரப்பிக் கட்டுப் பார்ப்பார்கள். முருகன் பூசாரியான வேலனை அழைத்துக் கழங்கு என்னும் காய்களை இட்டுப் பார்ப்பார்கள். குறுந்தொகையின் 23 ஆம் பாட்டு, அப்படிக் கட்டுப் பார்க்க நின்ற இடத்தில், குறி சொல்லும் 'அகவன் மகளை' நோக்கித் தோழி பேசுவதாக அமைந்தது. அதைப் பாடியவர் ஔவையார். தகடூர் அதியமானின் அவையில் வீற்றிருந்த ஔவையாரின் பெயரில் இப்படி ஒரு பாட்டு இருக்கையில், தகடூராகிய இந்தத் தர்மபுரியில் நின்றுகொண்டு குறியைப் பற்றிப் பேசுவதற்கு நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

பிற்காலத்திலும் இந்த வழக்கம் பல வடிவங்களில் தொடர்ந்தது. சாமி முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வதை இன்றும் நம் ஊர்க் கோயில்களில் காணலாம். திருமுறைச் சுவடியில் கயிறு சாத்தி, கயிறு விழுந்த ஏட்டில் வரும் பதிகத்தையே விடையாகக் கொள்வதும் உண்டு. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) விவரிக்கும் குடவோலை முறை குறி பார்ப்பதன்று, தேர்தல். ஆனால் குடத்திலிருந்து ஓலையை எடுப்பதற்கு ஒன்றுமறியாத ஒரு சிறுவனைத்தான் அழைக்க வேண்டும் என்பதில் அவ்வூரார் கண்டிப்பாக இருந்தார்கள். குழந்தையும் சிறுவனும் கிளியும் இங்கே ஒரே இடத்தில் நிற்கிறார்கள். எடுக்கும் கைக்கு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. அப்போதுதான் வந்த விடையை எடுத்தவர் செய்த சூழ்ச்சி என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவதான படச் சீட்டின் கதை வேறு. அது கோயிலில் பிறந்ததன்று, சூதாட்டத்தில் வளர்ந்தது.

[காட்சி: ஒரு சாதாரண 52 சீட்டுக் கட்டு கலைக்கப்படுகிறது.]

காகிதம் பிறந்த சீனத்திலேயே காகிதச் சீட்டும் பிறந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அங்கிருந்து மேற்கே நகர்ந்த சீட்டுகள் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை என்ற நான்கு இனங்களோடு இருந்தன. அப்படிப்பட்ட ஒரு கட்டு இஸ்தான்புல்லின் டோப்காப்பி அரண்மனையில் இன்றும் இருக்கிறது. ஐரோப்பாவுக்குச் சீட்டு வந்து சேர்ந்தது 1370களில். 1377 ஆம் ஆண்டிலேயே புளோரன்ஸ் நகரம் இந்தப் புது விளையாட்டுக்குத் தடை போட்டது. பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது என்று நம் மாவட்டச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோமே, அந்தச் செய்திக்கு அறுநூற்றைம்பது வயது ஆகிறது.

போலோவை அறியாத இத்தாலியர்கள் மட்டையைத் தடியாக்கிக்கொண்டார்கள். மற்ற மூன்றும் அப்படியே நின்றன. நாம் இஸ்பேடு என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் மண்வெட்டியன்று, வாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல். இந்தியாவிலும் கஞ்சிஃபா என்ற பெயரில் வட்டச் சீட்டுகள் இருந்தன. 1527 ஆம் ஆண்டில் பாபர் சிந்துவில் இருந்த நண்பர் ஒருவருக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகளை அனுப்பிய செய்தி அவருடைய நினைவுக் குறிப்புகளில் வருகிறது. பத்து அவதாரங்களையும் பத்து இனங்களாக்கி 120 சீட்டுகளோடு வரைந்த கட்டுகளும், ஒசூரைத் தாண்டினால் வரும் மைசூர்ச் சீமையில் அரண்மனை ஆதரவோடு வரையப்பட்ட கட்டுகளும் உண்டு. கடவுள் படம் இருந்தாலும் அவையும் ஆடுவதற்கே.

டாரட்டும் அப்படித்தான். 1440களில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா போன்ற பிரபுக்களின் நகரங்களில், வழக்கமான 56 சீட்டுகளோடு பேரரசர், காதலர், மரணம், சூரியன் முதலிய 22 படச் சீட்டுகளைச் சேர்த்தார்கள். மற்றச் சீட்டுகளை வெல்லும் ஆற்றல் பெற்ற இவற்றுக்கு வெற்றி ஊர்வலத்தைக் குறிக்கும் 'ட்ரியோன்ஃபி' என்ற பெயர் வந்தது. நாம் அரசியல் மேடை வரைக்கும் கொண்டுபோன 'துருப்புச் சீட்டு' என்ற சொல்லும் ஐரோப்பிய மொழி வழியாக அந்த வேரிலிருந்து கிளைத்ததே. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் டாரட் ஒரு ஆட்டமாகவே இருந்ததை, தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மட் 1980 இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக நிறுவியது.

பிறகு குறி எப்போது ஏறியது? 1540 இல் வெனிஸில் மார்க்கோலினோ என்பவர் அச்சிட்ட ஒரு நூலில், சீட்டை உருவி, அது காட்டும் பக்கத்தில் விடையைப் படிக்கும் முறை இருந்தது. நம் கயிறு சாத்துதலுக்கு அது தம்பி முறை. படத்துக்கென்று தனிப் பொருள் இன்னும் வரவில்லை. பொருளை முறையாக ஏற்றி அச்சில் தந்தவர் பாரிஸில் இருந்த அலியெத். தம் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கி 'எத்தெய்யா' என்று வைத்துக்கொண்ட அவர், 1770 இல் வெளியிட்ட நூலில், சாதாரணக் கட்டிலிருந்து 2 முதல் 6 வரையிலான சீட்டுகளை நீக்கிவிட்டு, எஞ்சும் 32 சீட்டுகளைக் கொண்டு குறி பார்க்கும் வழியைச் சொன்னார்.

[காட்சி: எகிப்தியச் சித்திர எழுத்துகள். அவற்றின் மேல் 1781 என்ற எண்.]

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1781. அந்த ஆண்டில் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சு அறிஞர், டாரட் அட்டைகள் பண்டை எகிப்தியப் பூசாரிகள் மறைத்து வைத்த ஞான நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டாக் கல் மண்ணிலிருந்து கிடைத்ததே 1799 இல். பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் அதன் மர்மத்தை அவிழ்த்தது 1822 இல். அதாவது, எகிப்தியில் ஓர் எழுத்தைக்கூட ஒருவராலும் வாசிக்க முடியாத காலத்தில், எகிப்திய நூல் ஒன்றின் பொருளை அவர் விளக்கிவிட்டார். அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். எத்தெய்யா உடனே அந்தக் கதையைப் பற்றிக்கொண்டு, 1789 இல் குறி பார்ப்பதற்கென்றே ஒரு டாரட் கட்டை வெளியிட்டார். பல்லாயிரம் ஆண்டுப் பழமை என்று இன்று சொல்லப்படும் வழக்கத்துக்கு உண்மையான வயது ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுதான்.

பாரிஸில் பெயர்பெற்ற குறிகாரி லெனார்மான் அம்மையார் 1843 இல் மறைந்த பிறகு, அவர் பெயரில் 36 அட்டைகள் கொண்ட ஒரு கட்டு விற்பனைக்கு வந்தது. அதற்கு மூலமாக இருந்தது, 1799 வாக்கில் நியூரம்பர்கில் ஹெக்டெல் என்பவர் உருவாக்கிய ஒரு பகடை விளையாட்டு. கிட்டத்தட்ட நம் பரமபதம் மாதிரி. இங்கும் ஆட்டமே முதலில், குறி பின்னால்.

இன்று ஒசூரிலோ பெங்களூரிலோ ஒரு டாரட் கட்டு வாங்கினால், பெரும்பாலும் 1909 இல் லண்டனில் வெளியான கட்டோ அதைப் பார்த்து வரைந்ததோதான் கைக்கு வரும். அதன் கருத்தை வகுத்தவர் ஆர்தர் எட்வர்டு வெய்ட். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர். மிகப் பெரிய வேலையை மிகக் குறைந்த பணத்துக்குச் செய்து முடித்ததாக அவ்வாண்டு நவம்பரில் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் செய்த மாற்றம் சிறிதன்று. அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள் மட்டுமே வரிசையாக இருக்கும். இவர் எண்ணிட்ட சிறிய அட்டைகளிலும் மனிதர்களையும் காட்சிகளையும் கொண்டுவந்தார். மனப்பாடம் செய்யாத ஒருவரும் படத்தைப் பார்த்தே ஏதேனும் பேசக்கூடிய நிலை அதனால் வந்தது.

[காட்சி: 'ஐந்து கோப்பை' அட்டை, திரை முழுவதும்.]

அடிப்படைகளுக்கு வருவோம். கட்டில் மொத்தம் 78 அட்டைகள். பெரிய அட்டைகள் 22, சுழியம் எண்ணிட்ட பேதை முதல் 21 எண்ணிட்ட உலகம் வரை. வாழ்வின் பெரிய திருப்பங்கள் இவற்றில் அடங்கும் என்பார்கள். திரைப்படங்களில் பயமுறுத்தப் பயன்படும் 'மரணம்' அட்டையை, ஒன்று முடிந்து வேறொன்று தொடங்குவதாகவே குறி சொல்பவர்கள் படிக்கிறார்கள். சிறிய அட்டைகள் 56. கோப்பை உணர்வையும், வாள் சிந்தனையையும் சச்சரவையும், கோல் முயற்சியையும், நாணயம் பொருளையும் உடலையும் குறிக்கும். சாதாரணச் சீட்டுக் கட்டில் பார்ப்பவர்கள் பொதுவாக ஆட்டினுக்கு அன்பு, டைமனுக்குப் பணம், கிளாவருக்குத் தொழில், இஸ்பேடுக்குத் தொல்லை என்று வைத்துக்கொள்வார்கள். தலைகீழாக விழும் அட்டைக்கு வேறு பொருள் கொள்வாரும் உண்டு, கொள்ளாதாரும் உண்டு. தொடங்குபவர்கள் மூன்று அட்டைகளை எடுத்து, நடந்தது, நடப்பது, நடக்கவிருப்பது என்று இடமிருந்து வலமாக வைப்பார்கள். அந்த மூன்று அட்டைகள் மட்டுமே 4,56,456 வகைகளில் அமையக்கூடும்.

திரையில் இருக்கும் அட்டையைச் சற்றுக் கவனியுங்கள். கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். அவர் முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்தே நிற்கின்றன. தொலைவில் ஓர் ஆறு, அதன் மேல் ஒரு பாலம். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர் இதைப் பார்த்தால், அந்த மூன்று கோப்பைகளும் அவருக்குக் காற்றில் கொட்டிப்போன பூவும் பிஞ்சும். நிற்கும் இரண்டும், செந்தூரா போனாலும் நீலம் இன்னும் மரத்தில் இருக்கிறதே என்ற நினைப்பு. மகளின் திருமணப் பேச்சு முறிந்த தாய்க்கு அதே கோப்பைகள் வேறு. அட்டை இருவருக்கும் ஒன்றே. பொருளைக் கொண்டுவந்து ஊற்றுபவர்கள் அவர்கள்தாம்.

இதுதான் மூன்றாவது செயலின் சூட்சுமம். 1948 இல் அமெரிக்க உளவியல் ஆசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தைப் பற்றிய குறிப்பு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்த தாள் ஒன்றே. அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவற்றை அவர் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "உழைப்பு உன்னுது, பேரு அடுத்தவனுக்குப் போகுதும்மா" என்று ஜோசியர் சொன்னபோது என் ஆயா கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேருந்து நிலையத்தில் அன்று நின்ற எந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லியிருந்தாலும் கண் கலங்கியிருப்பார்.

அதைத் தவிர, சொல்பவர் கேட்பவரிடமிருந்தே விவரத்தை வாங்கிக்கொள்கிறார். காலில் இருக்கும் மெட்டி, கையில் இருக்கும் மருந்துச் சீட்டு, 'பிள்ளை' என்ற சொல் வந்ததும் சிறிது முன்னால் சாயும் தோள் ஆகிய எல்லாமே அவருக்குச் செய்தி. எல்லாரும் ஏமாற்றுவதற்காகவே இதைச் செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகள் முகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மூச்சு விடுவதைப் போலத் தானாக வந்துவிடுகிறது. பரிகாரம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பணம் கேட்கப்படும் இடத்தில் மட்டும் எழுந்து வந்துவிடுவது நல்லது.

[காட்சி: அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் செல்லும் சாலை. தேய்பிறை அட்டமிக் கூட்டம், பூசணிக்காய் விளக்குகள்.]

1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது குற்றம். வனத்துறையின் சோதனைகளால் கிளி ஜோசியர்கள் பலர் தொழிலை விட்டுவிட்டார்கள். சென்ற தேய்பிறை அட்டமியன்று அதியமான்கோட்டையில் படம்பிடிக்கப் போனபோது, சாலையோரத்தில் ஒரு பெரியவர் அதே மடிப்புச் சீட்டுகளை விரித்து உட்கார்ந்திருந்தார், கூண்டு இல்லை. எதிரில் ஒரு மூதாட்டி தம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். "கிளி எங்கேங்க ஐயா?" என்று அந்த அம்மாள் கேட்க, பெரியவர் சீட்டு வரிசையைப் பையன் பக்கமாக நகர்த்தி வைத்து, "கண்ணு, ஆயா பேருக்கு நீயே ஒண்ணு எடுத்துக் குடு சாமி" என்றார்.